கொட்டகைத் தொட்டி

அம்பலவாணர் போட்ட கத்தலில், கூடத்தில் தியானத்துக்கு உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டோம்.

"இவன் இன்னைக்கே போகணும். இல்லன்னா நான் போறேன்."

இவன் என்று அவர் விரல் நீட்டியது வெள்ளைச்சாமியை. மடத்துக்கு வந்து சில வாரங்களே ஆன ஆள். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் உடைத்துக்கொண்டிருந்தவன், குடியை விட வேண்டும் என்று வந்து தங்கியிருந்தான். இங்கிருந்து அனுப்பிவிட்டால் நேராக எந்தக் கடை வாசலில் போய் நிற்பான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

அவன் பின்னால் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

குரு செண்பகவல்லி சத்தம் கேட்டு உள்ளே வந்தார். அவரை எல்லோரும் அம்மா என்பார்கள். அம்பலவாணரைவிட வயதில் மிகவும் சின்னவர்தான். ஆனாலும் அவருக்கும் அம்மாதான்.

"என்ன நடந்துச்சு?"

அம்பலவாணர் கையைத் திறந்து காட்டினார். உள்ளங்கையில் நீலன் என்ற மீன் செத்துக் கிடந்தது.

எங்கள் மடம் கடலோரத்தில் இருக்கிறது. கூடத்தின் ஒரு சுவர் முழுக்க உப்புநீர்த் தொட்டி. அம்மாவுக்கு உபதேசம் செய்வதில் நம்பிக்கை குறைவு. கேள்வியோடு வருகிறவர்களைத் தொட்டிக்கு முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பாதிப் பேர் கேள்வியை மறந்துவிட்டு எழுந்து போவார்கள். அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்பலவாணருடையது. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி, டிரைவர்களை விரட்டி விரட்டிப் பழகிய மனிதர். மீனை விரட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் அம்மா அந்த வேலையைக் கொடுத்தார். மீனிடம் அவர் பொறுமையாகத்தான் இருந்தார். மிச்சம் இருந்த கோபத்தையெல்லாம் மனிதர்கள் மேல் காட்டினார்.

தொட்டி விஷயத்தில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. புது மீன் எதுவும் நேராகக் கூடத்துக்குள் வரக்கூடாது. சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. மணல் இல்லை, பாறை இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் மட்டும். புது மீன் அங்கே வாரக்கணக்கில் தனியாகக் கிடக்க வேண்டும். உடம்பில் நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூடம். கொட்டகைக்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய்.

நல்ல சட்டம்தான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மடத்துக்குப் புதிதாக வரும் ஆட்களையும் கொட்டகையிலேயே படுக்க வைத்தார். அவர்களுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை.

"என்ன செஞ்சான்?" என்று அம்மா கேட்டார்.

வெள்ளைச்சாமி கொட்டகை வலையைக் கூடத்துத் தொட்டிக்குள் விட்டுவிட்டான். மிதந்த ஒரு சருகை எடுக்க, கைக்குக் கிடைத்த வலையைப் போட்டான். அம்பலவாணர் அதைக் கண்ணால் பார்த்தார். அன்றைக்கே வாய்க்கு வந்தபடி திட்டினார். அடுத்த சில நாட்களில் மீன்கள் பாறையில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. இன்று காலை எல்லா மீன் மேலும் உப்பைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி. நீலன் செத்தே போயிற்று. குஞ்சிலிருந்து அவர் வளர்த்த மீன் அது. விரலைக் காட்டினால் வந்து முட்டும்.

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. அந்த அழுகையும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"குடிகாரப் பய. இவனை உள்ள விட்டதே தப்பு."

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "தெரியாமச் செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்றான். அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

அம்மா தொட்டியைப் பார்த்தார். ஒரு மீன் மூலையில் ஒண்டிக்கொண்டு, செவுள் படபடக்க மூச்சு வாங்கியது.

"கத்தினது போதும். மிச்ச மீன் சாகுது. முதல்ல அதுகளை எடுங்க. யார் போறது, யார் இருக்கிறதுன்னு பொறவு பேசலாம்."

நோய் கண்ட மீனை எடுத்துக் கொட்டகைத் தொட்டியில் விட்டு, மருந்து போட வேண்டும். மருந்தைக் கூடத்துத் தொட்டியில் ஊற்ற முடியாது, அங்கே உள்ள நத்தையும் இறாலும் செத்துவிடும். மீன் இல்லாமல் அந்தத் தொட்டி பல வாரம் சும்மா கிடந்தால், ஒட்டிக்கொள்ள உடம்பு கிடைக்காமல் நோய் தானாக அழியும். இதெல்லாம் அம்பலவாணருக்குத் தலைகீழாகத் தெரியும். வாளியை எடுத்தார். வெள்ளைச்சாமி பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வாளியைத் தூக்க வந்தான்.

"ஏல, கையை எடு."

"அவன் தூக்கட்டும்" என்றார் அம்மா.

கொட்டகைக்குள் போனதும் அம்பலவாணர் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, சின்னத் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு மீன்தான் இருந்தது. மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. வெளிச்சத்தைக் கண்டதும் குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்து, தீனிக்காக மேலே பார்த்தது. அவர் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லை. இல்லை என்று ஆக ஆக அவருக்கு ஆத்திரம் கூடிக்கொண்டே போனது.

"எங்கயோ ஒளிஞ்சிருக்கும்."

"இந்த மீன் எப்ப வந்துச்சு?" என்று அம்மா கேட்டார்.

"இவன் வாரதுக்கு முன்னாடியே வந்துட்டு."

"அன்னையிலயிருந்து ஒரு புள்ளி பாத்தீங்களா?"

"இல்ல."

"பாறையில தேய்க்கிற மாதிரி குழாயில தேச்சுச்சா?"

"இல்ல."

"அப்ப வலையில ஒட்டிக்கிட்டு அங்க போறதுக்கு இந்தத் தண்ணியில என்ன இருந்துச்சு?"

அம்பலவாணர் டார்ச்சை அணைத்தார்.

"கூடத்துத் தொட்டிக்குள்ள வேற என்ன புதுசா போச்சு?"

"எந்த மீனும் போகல."

"மீனைக் கேக்கல."

அவர் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கல்லு" என்றார். "ஆனா அது கல்லும்மா."

பதினைந்து நாளைக்கு முன்னால் டவுனிலிருந்து ஒரு பெரிய மனிதர் காரில் வந்திருந்தார். வீட்டில் வைத்திருந்த உப்புநீர்த் தொட்டியை எடுத்துவிட்டாராம். அதில் கிடந்த அழகான பாறை ஒன்றை மடத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார். கூடவே பழத்தட்டு, அம்பலவாணருக்கு ஒரு பொன்னாடை. பாறை தொட்டிக்குள் இருக்க, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அம்பலவாணர் பொன்னாடை தோளில் கிடக்க, பாறையை இரண்டு கையாலும் வாங்கி, ஈரத்தோடு அப்படியே உள்ளே இறக்கினார். அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"அவர் ஏன் தொட்டியை எடுத்தாராம்?" என்று அம்மா கேட்டார்.

"மீன் தங்க மாட்டேங்குதுன்னு சொன்னார்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

வெள்ளைச்சாமி அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அம்பலவாணருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

இப்போது நோயில்லாத அந்த மஞ்சள் மீனுக்கு இடமில்லாமல் போயிற்று. கூடத்துத் தொட்டியில் நோய். கொட்டகைத் தொட்டிக்கும் நோய் வந்து இறங்கப்போகிறது. அம்மா தன் அறையில் இருந்த புது டிரம்மைக் காலி செய்யச் சொன்னார். வெள்ளைச்சாமி ஓடிப்போய்க் கடல்நீர் கொண்டுவந்து நிரப்பினான். மஞ்சள் மீன் அம்மாவின் அறைக்குப் போனது. நோய் மீன்களைக் கொட்டகைத் தொட்டியில் விட்டு, மருந்தை அளந்து ஊற்றியது அம்பலவாணர்தான்.

அது முடிந்ததும் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அந்தப் பாறையை வெளியே இழுத்தார். வாசல்படியில் போட்டு உடைக்க ஓங்கினார்.

"அது நடந்தா வந்துச்சு?" என்றார் அம்மா.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பாறையிலிருந்து தண்ணீர் அவர் வேட்டி மேல் சொட்டியது.

"அப்ப நான்தான் போகணும்" என்றார் அம்பலவாணர். அதையும் அவர் கத்தித்தான் சொன்னார். "நோயைக் கொண்டுவந்தவன் நான். நீலனைக் கொன்னவன் நான். பழியைத் தூக்கி இவன் மேல போட்டவனும் நான். எனக்கு இங்க என்ன வேலை?"

பாறையைக் கீழே வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். தடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அம்மாவுக்குக் கோபம் வந்தது. மடத்தில் யாரும் அதுவரை பார்த்திராத கோபம்.

"நில்லுங்க. நோய் வந்த மீனை இப்ப எங்க கொண்டுபோய் விட்டீங்க? ரோட்டுலயா?"

அவர் நின்றார்.

"நீங்க இங்க வந்தது எனக்கு நினைவிருக்கு. மேளதாளத்தோட வந்தீங்க. கூடத்துக்குப் புது ஓடு போட்டுக் கொடுத்தீங்க. நானும் உங்களை நேரா கொண்டுவந்து நடுவுல உக்கார வச்சேன். உங்க சத்தத்துக்குப் பயந்து எத்தனை பேர் சொல்லாமக் கொள்ளாம இங்கயிருந்து போனாங்க? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தத் தப்பு உங்களோடது இல்ல. என்னோடது."



அம்மா திரும்பினார். "வெள்ளைச்சாமி, உன் பாயைச் சுருட்டிக்கிட்டுக் கூடத்துக்கு வா. கொட்டகையில இனிமே இவர் இருப்பார். மீனுக்கும் மருந்து போடணும்லா."

அம்பலவாணரின் முகம் சிவந்தது. வெள்ளைச்சாமி அவர் கையையே பார்த்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அம்பலவாணர் அதைக் கவனித்தார். அன்றுதான் முதல்முறையாகக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சத்தம் இல்லை.

"உங்களுக்குச் சோறு இவன்தான் கொண்டுவருவான்" என்றார் அம்மா. "மொதல்ல வாசல்ல வச்சிட்டு ஓடிருவான். என்னைக்குப் பயப்படாம உள்ள வந்து, உங்க பக்கத்துல தட்டை வைக்கானோ, அன்னைக்கு வாங்க."