இன்னும் இறங்காத பந்து

மருதங்குளம் மின்னல் கிரிக்கெட் கிளப்பின் கேப்டன் ஜெபராஜுக்கு அன்று சாயங்காலம் டீ கசந்தது. மறுநாள் பக்கத்து ஊரோடு பைனல். கிளப்பை ஆரம்பித்த இசக்கியப்பன் அண்ணாச்சியோ, இந்த அறுபது வயதிலும் தான்தான் ஓப்பனிங் இறங்குவேன் என்று காலில் பேடைக் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். போன மேட்ச்சில் அவர் எடுத்தது முட்டை. அதற்கு முந்தினதிலும் முட்டைதான். நாளைக்கும் இறக்கினால் கோப்பை போய்விடும். வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டும் வேலை ஜெபராஜ் தலையில் விழுந்திருந்தது.

“கிளப்போட சரித்திரம் தெரியுமாடே ஒனக்கு?” என்று அவரே தொடங்கினார். “அந்தக் காலத்துல நம்ம சூசை பந்து போட ஓடி வாரான்னா, பக்கத்து ஊரு பஸ் ஸ்டாண்டுல இருந்து வருவான். பாதி வழியில கண்டக்டரு பாவம் பாத்து பஸ்ல ஏத்திக்கிடுவாரு.”

“பஸ்ல வந்தா அது ஓடி வாரதா அண்ணாச்சி?” என்றான் விக்கெட் கீப்பர் முப்பிடாதி.

“பஸ்ஸுக்குள்ளயும் ஓடிக்கிட்டேதான் வருவான்.” அண்ணாச்சி யோசிக்கக்கூட இல்லை. “அவன் போட்ட வேகத்துல ஸ்டம்பு பறந்து போயி குளத்துக்கு அக்கரையில குத்தி முளைச்சுட்டு. இன்னைக்கு அங்க வேப்பந்தோப்பே நிக்கு.”

“அது பாரஸ்ட்டுக்காரங்க வச்சதுல்லா?”

“தண்ணி ஊத்துனது அவங்க. நட்டது சூசை.”

முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டான். அண்ணாச்சிக்கு அது கைதட்டல் மாதிரி.

“அப்பேர்ப்பட்ட சூசை பந்தை ஒரு நாளு நெட்டுக்குத்தா மேல தூக்கி அடிச்சேன். முப்பது வருசம் ஆச்சு. பருந்தெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுது. நானும் ஓடுதேன் ஓடுதேன், பந்து வரல. நான் ஓடுன தடத்துலதான் இப்ப கால்வாய்த் தண்ணி போகுது.”

“பந்து என்னாச்சு?”

“இன்னும் இறங்கல.” பேடின் வாரை இறுக்கிக்கொண்டார். “பந்து இறங்கல, அதனால நான் அவுட்டும் ஆகல. அவுட்டாகாதவன உக்காருன்னு சொல்ல எந்தக் கேப்டனுக்கும் அதிகாரம் கிடையாதுடே.”

கடையில் இருந்த அத்தனை பேரும் ஜெபராஜைப் பார்த்தார்கள். அவனுக்கு மனுசனை நோகடிக்கவும் மனசில்லை, பைனலில் தோற்கவும் மனசில்லை. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தான்.

“பந்து இறங்கிட்டு அண்ணாச்சி,” என்றான். “இன்னைக்குக் காலையில. நம்ம சிமெண்டு பிட்சுல எங்கம்மை நெல்லு காயப்போட்டுக் கிண்டிக்கிட்டு இருந்தா. மேலருந்து விழுந்து ஒரு குத்து குத்தி எந்திரிச்சுது. பிடிச்சுட்டா. ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டுன்னு நம்ம கிளப்புல ரூல் போட்டதே நீங்கதான.”

அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். “ஒரு குத்து விழுந்த பந்த ஒத்தக் கையில பிடிச்சாத்தான் அவுட்டு. ரெண்டு கைன்னா செல்லாது.”

“ஒத்தக் கைதான் அண்ணாச்சி. இன்னொரு கையில நெல்லு தள்ளுற பலகை இருந்துச்சு.”

அண்ணாச்சி குனிந்து பேடை அவிழ்த்தார். அதை ஜெபராஜ் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“அப்ப நாளைக்கு இந்த முப்பிடாதிய உக்கார வச்சிட்டு, கீப்பரா உங்கம்மைய நிப்பாட்டுடே.”