தானாக ஓடிய கார்

பாலிடெக்னிக் தாளாளர் செங்கோடன் வைத்ததுதான் அங்கே சட்டம். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, மாணவி சபீனாவிடம் தன் மகனின் ரிமோட் காரை நீட்டினார்.

“நாளைக்கு இது ரோபோவா மாறி மேடையில தானா ஓடணும். இல்லைன்னா உனக்கு ஹால் டிக்கெட் கிடையாது.”

விடிவதற்குள் ரோபோவுக்கு எங்கே போவது? சபீனா அந்தக் காருக்கே பெரிய சக்கரம் மாட்டி, தலையில் பச்சை விளக்கு வைத்தாள். ரிமோட்டைப் பாக்கெட்டுக்குள் வைத்தே ஓட்டும்படி தாளாளர் மகனிடம் சொன்னாள்.

மேடையில் கார் வளைந்து வளைந்து ஓடியது. கைதட்டல் காதைப் பிளந்தது.

“சார், ஹால் டிக்கெட்...”

“அடுத்த வருஷம் பாக்கலாம், போ.”

சபீனா விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்துப்போய், இன்னும் காரை ஓட்டிக்கொண்டிருந்த தாளாளர் மகனுக்குப் போர்த்தினாள். பழக்க தோஷம், அவன் சட்டென்று பாக்கெட்டிலிருந்த கையையும் வெளியே எடுத்துக் கும்பிட்டான். கார் நின்றுவிட்டது. கும்பிட்ட கைகளுக்கு நடுவே ரிமோட்டின் ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன பண்ணினே?” என்று தாளாளர் கத்தினார்.

“நான் என்ன சார் பண்ணேன்? தானா ஓடுற கார், தானா நின்னுடுச்சு.”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த மாணவர்கள் எல்லாரும் அடுத்த வாரம் உள்ளே உட்கார்ந்து பரீட்சை எழுதினார்கள். சபீனா கேட்டுக்கு வெளியே நின்றாள்.