அரளி மாலை யார் கழுத்துக்கு?

ரொம்பக் காலத்துக்கு முன்னால, குறும்பனூர் நாட்டை ஒளிவேந்தன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். நல்லவன்தான், ஆனா நினைச்சா நினைச்சதுதான். மழை பெய்யலேன்னா மேகத்தைக் கட்டி இழுத்துட்டு வாங்கடான்னு சொல்ற ரகம்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் ஒடிஞ்சே போயிட்டான். அரண்மனைத் தோட்டத்துல தாழம்பூ பறிக்கப் போன ராணி அல்லியங்கோதையைப் பாம்பு கடிச்சிருச்சு. வைத்தியர் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

காரியமெல்லாம் கழிஞ்சதும் சபையைக் கூட்டினான். "இத்தனை பெரிய உலகம் அர்த்தமில்லாமலா சுத்துது? என் ராணி ஏன் செத்தா? எவனாவது சொல்லுங்க!"

வாதகேசரின்னு பட்டம் வாங்கின வைகுந்தன் எந்திரிச்சான். தர்க்கத்துல புலி. மந்திரி குழைக்காதனைக் கண்டா மட்டும் வயித்தெரிச்சல்.

"காரணமில்லாம எதுவும் நடக்காது, பிரபு. காரணம்னு இருந்தா அதுக்குள்ள ஒரு நோக்கமும் இருக்கும். நடந்தது கேடு, அப்ப நோக்கமும் கேடு. ஒவ்வொண்ணா பின்னால தேடிக்கிட்டே போனா, ஆளைப் பிடிச்சிரலாம்."

அந்த நாட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாவு விசாரணையில ராஜா ஒத்துக்கிட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் வாழைநாருல ஒரு செவ்வரளிப் பூ கட்டுவாங்க. கடைசிக் காரணம் எவனோ, மாலை அவன் கழுத்துல விழும். அப்படியே கொலைக்களத்துக்கு நடக்க வேண்டியதுதான்.

வைகுந்தன் ஆரம்பிச்சான். "ராணி செத்தது பாம்பால." ஒரு பூ. "பாம்பு வந்தது தாழம்புதருக்கு." இன்னொரு பூ. "புதரை நட்டது தோட்டக்காரன் சடையாண்டி." மூணாவது பூ.

சடையாண்டியை இழுத்துட்டு வந்தாங்க.

குழைக்காதன் கைதட்டிக்கிட்டே எந்திரிச்சான். "பேஷ், பேஷ்! ஆனா மாலை ரொம்பக் குட்டையா இருக்கே, தலைக்குள்ளயே நுழையாதே! நானும் ரெண்டு பூ கட்டட்டுமா?"

"தாராளமா கட்டும் ஓய்! எவன்கிட்ட போய் முடிஞ்சாலும் அவன் தலை போகணும். தர்க்கத்துக்குத் தாட்சண்யம் கிடையாது." வைகுந்தன் மீசையை முறுக்கினான்.

"கேட்டுக்கிட்டீங்களா பிரபு? சரி, சடையாண்டி, புதரை ஏன் நட்டே?"

"ராணியம்மாதான் நடச் சொன்னாங்க சாமி. தினமும் தலைக்கு வேணும்னாங்க."

நாலாவது பூ ஏறிச்சு.

"ராணியம்மாவுக்கு ஏன் தினமும் தாழம்பூ?"

சபையில ஒருத்தனுக்கும் தெரியல. ராஜாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு.

"நான்தான்... கல்யாணமான புதுசுல, இந்த வாசனை உனக்கு நல்லாருக்குன்னு ஒரு தடவை சொன்னேன்."

பூ கட்டறவன் கை அப்படியே நின்னுபோச்சு. "கட்டுப்பா"ன்னு சொல்லிட்டு, ராஜா தானே கழுத்தை நீட்டினான்.

வைகுந்தன் பதறிட்டான். "ஐயய்யோ, பிரபு! தோட்டக்காரனோட நிறுத்திக்கலாம்!"

"அங்கே நிறுத்தச் சொல்றது தர்க்கமா ஓய், நீரா?"ன்னு கேட்டான் மந்திரி. வைகுந்தன் உட்கார்ந்துட்டான்.

குழைக்காதன் மாலையை வாங்கிப் பிரிச்சுப்போட்டான். "காரணமெல்லாம் நிஜந்தான் பிரபு. நீங்க ஆசையாச் சொன்னீங்க, அம்மா ஆசையாக் கேட்டாங்க, இவன் விசுவாசமா நட்டான். இதுல கொல்ற நோக்கம் எங்கே இருக்கு? பூக்களை வரிசையாக் கட்டினது நாம. உலகத்துக்கு அப்படி ஒரு நோக்கம் இருக்கா இல்லையான்னு இந்த நாரு சொல்லாது."

"அப்ப அவ ஏன் செத்தா?"

"தெரியாது பிரபு."

அந்தச் சபையில அதுவரைக்கும் யாரும் சொல்லத் துணியாத வார்த்தை அது. ராஜா சடையாண்டியை விடுவிச்சான். வைகுந்தனைப் பார்த்து, "வாதகேசரிப் பட்டத்தை வச்சுட்டுப் போ"ன்னான். தன் முத்துமாலையைக் கழட்டி மந்திரிகிட்ட நீட்டினான்.

குழைக்காதன் கை நீட்டல. ஒரு உயிரைக் காப்பாத்தப்போய் இன்னொரு நெஞ்சுல முள்ளை இறக்கிட்டோமேன்னு அவனுக்கு உறுத்திச்சு.

"ஒரே ஒரு தடவைதான் சொன்னேன், குழைக்காதா"ன்னான் ராஜா. "அதுக்கப்புறம் தினமும் பூ வச்சுக்கிட்டு வந்து என் முன்னால நிப்பா. நான் நிமிராம ராஜாங்க ஓலையைப் பார்த்துக்கிட்டிருப்பேன். அவ ஏன் செத்தான்னு எனக்குத் தெரியல. ஏன் வந்து நின்னான்னு இப்பத்தான் தெரியுது."

கதை அவ்வளவுதான், எந்திரிங்க. வீட்டுல யாராவது பூ வச்சுக்கிட்டு வந்து முன்னால நின்னா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.