மூன்று செங்கனிகள்

ஒரு காலத்தில், செங்கனி என்ற பதினேழு வயதுப் பெண்ணுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். குரல், கால்கள், முகம்.

குரல் மூத்தவள். பள்ளி ஆண்டு விழாவில் முதன்முதலாகக் கோப்பை வாங்கியவள் அவள்தான். அதை மற்றவர்கள் மறந்துவிட அவள் விட்டதில்லை. கால்கள் இரட்டைப் பிள்ளைகள். எதைச் சொன்னாலும் சேர்ந்தே சொல்வார்கள், சொல்லும்போதே ஒரு அடவு போட்டுவிடுவார்கள். முகம் கடைக்குட்டி. அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் ஒன்றை நினைத்தால் எதிரே நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

சண்டையில்லாமல்தான் இருந்தார்கள். மொட்டைமாடியில் செங்கனி துணி காயப்போடும்போது குரல் எதையாவது பாடுவாள். கால்கள் அதற்கு ஆடுவார்கள். முகம் அந்தப் பாட்டுக்கு உரிய பெண்ணாக மாறிக்கொள்வாள். யாரும் யாரையும் அழைத்ததில்லை.

அந்த வருடம் நகரத்தில் ஒரு கல்லூரி இசை நாடகத்துக்கென்று மூன்று வருடப் படிப்பைத் தொடங்கியது. பாடிக்கொண்டே ஆடி, ஆடிக்கொண்டே நடிக்கிற மேடைக்கான படிப்பு. பன்னிரண்டு சீட்.

"அது கிடைக்கலைன்னா?" என்று அப்பா பொன்னுரங்கம் கேட்டார்.

"கிடைக்கலைன்னா நீங்க சொல்ற பி.காம்.லயே சேர்ந்துடறேன். அப்புறம் பாட்டு, ஆட்டம்னு வாயைத் திறக்க மாட்டேன்ப்பா."

சொன்னது செங்கனி. உள்ளே மூவரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நிரப்பினார்கள். பாதி வரை சுலபமாகப் போயிற்று. பிறகு ஒரு கேள்வி வந்தது. 'முதன்மைத் திறன்: பாட்டு, ஆட்டம், நடிப்பு.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம்.

"மூணையும் டிக் பண்ணு" என்றார் பொன்னுரங்கம்.

பண்ணினாள். ஒன்றுக்கு மேல் கூடாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"அப்ப எதையும் போடாம விட்டுடலாமாப்பா?"

"கட்டத்தைக் காலியா விடறதா? நல்லாருக்கே!" பொன்னுரங்கம் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். இருபது வருடமாகக் கார்டுகளும் படிவங்களுமாகவே வாழ்ந்தவர். "ஒரு கட்டம் காலியா இருந்ததுக்கு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கோம் தெரியுமா?"

அப்படியானால் எதை டிக் செய்வது? அந்த நொடியில்தான் உள்ளே தொடங்கியது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பாட்டுன்னு போடச் சொல்லு" என்றாள் குரல்.

"பாடறதுக்கு ஒரு மைக் போதும், எதுக்கு மேடை? ஆட்டம்னு போடு" என்றார்கள் கால்கள்.

"என்னைப் பார்க்காம உங்களை யாரு பார்க்கப் போறாங்க?" என்றாள் முகம். அவள் பேசியதே அதிசயம்.

"ஏய், நீ சும்மா இரு. கண்ணாடி பார்த்தே பெரியாளாயிட்டா!" என்றாள் குரல்.

செங்கனியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சென்டர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

பொன்னுரங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. "ரேஷன் கார்டுல நான் தினம் பார்க்கிறதுதான். இனிஷியல் முன்னால இருந்தா ஒரு ஆளு. பின்னால இருந்தா வேற ஆளு. முழுப் பேரா இருந்தா மூணாவது ஆளு. கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் புத்தி. மூணு அப்ளிகேஷன் போடு. எது விழுதோ விழட்டும்."

அப்படியே போட்டார்கள். பாட்டுக்குப் பொ. செங்கனி. ஆட்டத்துக்குச் செங்கனி பொ. நடிப்புக்குச் செங்கனி பொன்னுரங்கம். மூன்று கைபேசி எண்கள். ஒரே புகைப்படம்.

தவறு செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகளுக்கு ஒரு வாசலுக்கு மூன்று வாசல் திறந்து வைக்கிறோம் என்றுதான் நினைத்தார். பிள்ளை பெற்றவர்களில் அப்படி நினைக்காதவர் உண்டா என்று சொல்வது கடினம்.

அன்றிலிருந்து மூவரும் தனித்தனி ஆட்கள் ஆனார்கள். ஆளுக்கொரு பெயர் இருந்தது, ஆளுக்கொரு விண்ணப்ப எண் இருந்தது.

"நான் பாடறப்ப ஆடாதீங்கடா, எனக்கு மூச்சு வாங்குது" என்றாள் குரல்.

"நாங்க ஆடறப்ப நீ வாயை மூடு, தாளம் தப்புது" என்றார்கள் கால்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே போறீங்களா?" என்றாள் முகம், கண்ணாடிக்கு முன்னால்.

மொட்டைமாடியில் துணிகள் சத்தமில்லாமல் காய்ந்தன.

தேர்வு நாள் வந்தது. மூன்று அனுமதிச் சீட்டுகள், மூன்று அறைகள். எல்லாவற்றிலும் ஒரே நேரம்தான் போட்டிருந்தது, காலை பத்து மணி.

"ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததுக்கு ஓடு. தாமதமா வந்தாலும் கடைசியில கூப்பிடுவாங்களாம், விசாரிச்சிட்டேன்" என்றார் பொன்னுரங்கம்.

வராந்தா முழுக்கக் கூட்டம். செங்கனிக்கு முன்னால் தவமலர் என்று ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டித் தட்டிப் பாடினாள். பாட்டு சுமார்தான்.

"உனக்கு எந்த ரூம்?" என்று அவள் கேட்டாள்.

"மூணும்" என்றாள் செங்கனி, மெதுவாக.

"எனக்கும் மூணுதான்!"

இவள் அப்பாவும் விவரமானவர் போலிருக்கிறது என்று செங்கனி நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. "பாட்டு அறைக்குப் போ" என்று குரல் கத்தினாள். ஆனால் நடப்பது கால்கள் அல்லவா? அவர்கள் நேராக ஆட்ட அறைக்குள் போய் நின்றார்கள்.

நன்றாகவே ஆடினார்கள். குரல் அவமானத்தில் வாயைத் திறக்கவில்லை. முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கால் அருமையா ஆடுதும்மா. மேல யாரு இருக்கா? ஆளையே காணோமே."

அங்கிருந்து பாட்டு அறைக்கு ஓட்டம். "உங்களாலதாண்டா எனக்கு மூச்சு வாங்குது, வாங்க, வீட்டுக்கு வந்து வெச்சுக்கறேன்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் குரல். பாட ஆரம்பித்ததும் மேலே ஏறினாள், நின்றாள், இறங்கினாள். கால்கள் நட்டு வைத்த கம்பங்கள் போல நின்றார்கள். முகம் இன்னும் திரும்பவில்லை. ஆர்மோனியத்தை வாசித்த தேர்வாளர் சிரித்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா ரொம்ப நல்லாருக்கும்மா."

கடைசியாக நடிப்பு அறை. "கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பொண்ணு. பின்னாலேயே ஓடறே, கூப்பிடறே. செய்" என்றார்கள். முகம் தவித்தாள், பதறினாள், கெஞ்சினாள். "ஓடுங்களேன்" என்று கால்களிடம் சொன்னாள். "எங்க ரூம்ல நீ என்னத்தைப் பண்ணே?" என்றார்கள் அவர்கள். குரலோ தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டாள். முகம் நின்ற இடத்திலேயே பஸ்ஸைத் தவறவிட்டாள்.

"போட்டோ எடுத்தா நல்லா வரும்மா. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

நான்கு மணிக்கு வராந்தாப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர்கள். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர்.

பதின்மூன்று, பொ. செங்கனி. பதினான்கு, செங்கனி பொ. பதினைந்து, செங்கனி பொன்னுரங்கம்.

"பார்த்தீங்களாடா? உங்களுக்கு ஒரு இடம் முன்னால நானு" என்றாள் குரல்.

"நாங்க இவளுக்கு முன்னால" என்றார்கள் கால்கள்.

பொன்னுரங்கம் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நானூறு பேர்ல மூணு பேரு நம்ம வீட்டாளுங்க!" என்றார். அலுவலக ஜன்னலில் இருந்த அம்மாளிடம் போய், "இதுல யாராவது விட்டுட்டுப் போனா நமக்கு வருமில்லீங்களா?" என்று கேட்டார்.

"இந்தப் படிப்புல கிடைச்சதை யாரும் விடமாட்டாங்க சார்." அந்த அம்மாள் தாள்களைப் புரட்டினார். "ஆமா, மூணு போட்டோவும் அச்சா ஒண்ணா இருக்கே. மூணும் ஒரே பிரசவமா?"

பொன்னுரங்கம் மூன்று அனுமதிச் சீட்டுகளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செங்கனி ஜன்னலுக்கு அருகே வந்தாள். "மேடம், பன்னிரண்டாவதா தவமலர்னு இருக்கே. அவ எதுல டிக் பண்ணியிருந்தா?"

"அவளா? எதுலயும் பண்ணலை. ஒண்ணைப் போட்டவங்களை அந்த ஒரு ரூம்ல மட்டும் பார்த்தாங்க. காலியா விட்டவங்களை மூணு ரூம்லயும் பார்த்து, மூணு பேரும் உட்கார்ந்து பேசி, ஒரே மார்க்கா போட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு எதுவும் பிரமாதம்னு சொல்ல முடியாது. ஆனா எந்த ரூம்லயும் முழுசா ஒரு ஆளு வந்து நின்னுதாம்."

"காலியா விடலாமா?" என்று பொன்னுரங்கம் கேட்டார். அவர் குரல் மிகவும் சிறியதாக இருந்தது.

"விடக்கூடாதுன்னு எங்கேயும் போடலையே சார்."

அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார் பொன்னுரங்கம்.

உள்ளே பதின்மூன்றாம் இடத்துக்காரி தன் எண்ணைச் சொல்லிக் காட்டவில்லை.

முகம்தான் முதலில் உடைந்தாள். அவளால் தனியாகத் தாங்க முடியவில்லை. யாரும் கூப்பிடாமலே குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தாள். அந்தச் சத்தம் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. கால்கள் மடிந்து தரையில் விழுந்தார்கள், விழுந்து சிமெண்டை உதைத்தார்கள். எது முகம், எது குரல், எது கால் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரு பெண் அழுதாள். வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் தங்கள் பேச்சை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

தேர்வாளர்களின் கார் அப்போதுதான் கேட்டைத் தாண்டிப் போனது.