நாற்பத்து மூன்று மாடசாமிகளுக்கு ஒரு காலண்டர்

ஆண்டவன் மனிதர்களுக்கு மூளையைப் பங்கு வைத்த அன்று, வரிசை நேராக நிற்கிறதா என்று பார்க்கப் போன மூன்று பேர் திரும்பி வருவதற்குள் அண்டா காலியாகிவிட்டது. அந்த மூவரும் புளியடிவிலக்கில் ஆவுடைநாயகத்தின் பம்புசெட் கடையில் வேலை பார்த்தார்கள். மூத்தவர் தளவாய். அடுத்தவர் நயினார். கடைசி சொள்ளமுத்து. தளவாய்க்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் முதலாளி சொன்ன ஒரு சொல்லையும் அவர் தட்டியதில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

வருடக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்குக் கடை பேர் போட்ட தினசரி காலண்டர் கொடுப்பது வழக்கம். போன வருடம், வாடிக்கையாளர் பேரும் நம்பரும் எழுதி வைக்கிற நோட்டில் ஒரே ஆள் பேர் மூன்று இடத்தில் இருந்ததால் அவர் வீட்டுக்கு மூன்று காலண்டர் போனது. பன்னிரண்டு வீடுகளுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. வாங்கிய மோட்டார் புகைந்தால்கூடப் பொறுத்துக்கொள்கிற வயல்காட்டுச் சம்சாரி, காலண்டர் வராவிட்டால் பொறுப்பானா? பன்னிரண்டு பேரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் இந்த வருடம் மகள் பிரசவத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பும்போது, ஆவுடைநாயகம் நோட்டைத் தளவாயின் கையில் கொடுத்து மூன்று கட்டளை போட்டார். எல்லா நம்பருக்கும் போன் போட்டுப் பார், கிடைக்காததை அடித்துவிடு. முகவரியை அந்த ஆள் வாயால் சொல்வது போலவே எழுது. ஒரு பேர் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது.

"இந்தத் தடவையும் நோட்டு கோளாறா இருந்துச்சுன்னா, மூணு பேரும் வேற எடம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

வேறு எந்தக் கடையும் தன்னைச் சேர்க்காது என்பது தளவாய்க்கே தெரியும். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

நோட்டில் முதல் நம்பர் கடையின் சொந்த நம்பர். கடை போனிலிருந்தே அதற்குப் போட்டார். லைன் பிசி. மத்தியானம் போட்டார், பிசி. மறுநாளும் பிசி.

"நம்ம கடை யாருகிட்டயோ ரெண்டு நாளா பேசிக்கிட்டே இருக்கு வே" என்றார் தளவாய், முகம் வெளிறிப்போய்.

"நாம மூணு பேரும் இங்கதான நிக்கோம். அப்பம் பேசுதது யாரு?" என்று கேட்டார் நயினார்.

பேசுகிற ஆளைப் பிடிப்பதற்காக மூவரும் வெளியே வந்து ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, அதில் காது வைத்து அரை மணி நேரம் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகப் பேசுகிறார்கள் என்று சொள்ளமுத்து தீர்ப்புச் சொன்னார். அவர்கள் முடிக்கிறவரை காத்திருக்க நேரமில்லாததால், கிடைக்காத நம்பர் என்று கடையின் நம்பரை அடித்தார்கள்.

அடுத்து முகவரி. ஒருவர் "பஸ்ல போய்க்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். இன்னொருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதையும் எழுதினார்கள். நயினார் ஒரு கட்டு காலண்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கண்டக்டர் கையில் அந்தக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். எப்போது பார்த்தாலும் பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருக்கிற ஆள் அவர் ஒருவர்தானே.

மூன்றாவது கட்டளைதான் கழுத்தைப் பிடித்தது. புளியடிவிலக்குச் சுற்றுவட்டாரத்தில் தலைப்பிள்ளைக்குக் குலசாமி சுடலைமாடன் பேரைத்தான் வைப்பார்கள். எண்ணிப் பார்த்ததில் நோட்டில் நாற்பத்து மூன்று மாடசாமிகள் இருந்தார்கள். ஒருவரை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேரை அடிக்க வேண்டும். முதலில் வந்தவரை வைக்கலாம் என்றார் சொள்ளமுத்து. உயரமானவரை வைக்கலாம் என்றார் நயினார். இரண்டும் அநியாயம், சாமி பேருக்குச் சாமியே வழி சொல்லட்டும், திருவுளச்சீட்டுப் போடுவோம் என்றார் தளவாய்.

காலண்டர் என்றதும் நாற்பத்து மூன்று மாடசாமிகளும் வந்து கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு சீட்டு எழுதி, சுருட்டி, செம்பில் போட்டுக் குலுக்கினார்கள். தளவாய் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்து, உரக்கப் படித்தார்.

"மாடசாமி."

நாற்பத்து மூன்று கைகள் உயர்ந்தன. ஒரே சலசலப்பு. சந்தேகம் தீர இன்னொன்றை எடுத்தார்கள். அதுவும் மாடசாமி. மூன்றாவதும் அதுவே.

"எல்லாச் சீட்டும் ஒரே ஆளுக்கே விழுதே" என்று சொள்ளமுத்து வாயைப் பிளந்தார். "எவ்வளவு பெரிய அதிர்ஷ்டக்காரரா இருப்பாரு."

தளவாய்க்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனபின் வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை பிறந்தது. பேர் ஒன்று, ஆகவே காலண்டர் ஒன்று. அதில் முந்நூற்று அறுபத்தைந்து தாள் இருக்கிறது. பங்கு வைத்தால் போயிற்று.

ஆளுக்கு எட்டு நாள் கிழித்துக் கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் மாட்டிக்கொண்ட மாடசாமி, எட்டு நாளில் ஒரு முகூர்த்தம்கூட இல்லாமல் மகள் கல்யாணத்தை எப்படி நடத்துவேன் என்று சண்டைக்கு வந்தார். வைகாசிக்காரர் இரண்டு நாள் விட்டுக்கொடுத்தார். தீபாவளி வந்த தாளுக்காக மட்டும் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மற்றபடி எல்லோரும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சிய இருபத்தோரு தாளைத் தளவாய் கடைக்கென்று எடுத்து வைத்தார். பிறகு நாற்பத்திரண்டு மாடசாமிகளின் பேரையும் நம்பரையும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாதபடி, மை ஊற்றி அடித்தார். கடைசிப் பக்கத்து மாடசாமி மட்டும் தப்பினார்.

டிசம்பர் முப்பதாம் தேதி ஆவுடைநாயகம் பேரன் பிறந்த சந்தோஷத்தில் வந்து இறங்கினார். நோட்டைப் பிரித்தார். ஒரு பேரும் இரண்டாம் தடவை வரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"தளவாய், ஜனவரி ஒண்ணாந்தேதியிலேர்ந்து மூணு பேரும் வேலைக்கு வரவேண்டாம்."

தளவாய் கைகட்டி நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, முதலாளி சொல்லைக் காப்பாற்ற முடியாத நிலைமை வந்துவிட்டதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது ஆகாதே மொதலாளி. ஒண்ணாந்தேதியைத்தான் ஒரு மாடசாமி கொண்டுக்கிட்டுப் போயிட்டாரே. அவரு வீட்டுல மாட்டினாத்தான அது வரும்? போன் போட்டுக் கேக்கலாம்னா, அவரு நம்பரையும் அடிச்சாச்சு."

முதலாளியின் முகத்தைப் பார்த்த நயினாருக்கு இரக்கம் பொங்கியது. அருகே குனிந்து ஆறுதல் சொன்னார்.

"வருத்தப்படாதீங்க மொதலாளி. நம்ம பங்கு அடுத்த டிசம்பர் பதினொண்ணுல தொடங்குது. அதுல ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க, வேலையிலேர்ந்து நின்னுக்கிடுதோம்."