பேர் போடாத சட்டை

தெய்வானை டீச்சரிடம் தையல் கற்றவர்களில் நாச்சிமுத்து ஒருவர்தான் ஆண். டீச்சரைவிட முப்பது வயது மூத்தவர்.

மகள் கோமதி தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதை அவர் மறக்கவில்லை. தீபாவளிக்கு அவர் அனுப்பிய பட்டுச்சேலை பிரிக்காமலே திரும்பி வந்தது. அதையும் மறக்கவில்லை. இப்போது கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தன் கையால் ஒரு சட்டை தைத்து அனுப்பத்தான் அவர் ஊசி பிடிக்க வந்தார். அதுவும் திரும்பி வந்தால் மகளே இல்லை என்று இருந்துவிடுவது என்பது அவர் முடிவு.

ஒரு நாள் சட்டையை முடித்து மேசைமேல் விரித்தார். ரோஜா நிற சாட்டின். நெஞ்சில் ஜரிகை நூலால் ‘நாச்சிமுத்து பேத்தி’ என்று பூவேலை.

பக்கத்து மெஷினிலிருந்து சரசு எட்டிப் பார்த்தாள். கோமதி வீட்டுத் தெருக்காரி. சேலையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தவள் அவள்தான்.

“ஏனுங்க, இது சட்டைங்களா, கட்சி பேனருங்களா?”

“அவங்க வீட்டு ஆளுக அத்தனை பேரும் படிக்கோணும். யாரு பேத்தின்னு தெரியோணும்.”

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், இதுவும் திரும்பி வந்துருமுங்களா?”

“கண்ணை மூடுங்க.”

மூடினார். டீச்சர் சட்டையைப் புரட்டி, பூவேலையின் பின்பக்க முடிச்சுகள் படும்படி அவர் இமைமேல் இழுத்தார்.

“அய்யோ! என்னங்க இது?”

டீச்சர் சட்டையை மேசைமேல் போட்டார். அடுத்தவர் வெட்டிய துணியைப் பார்க்கப் போனார்.

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

“பூவேலை சரியில்லைங்களா?”

“நல்லா வந்திருக்கு.”

“அப்புறம் ஏங்க கண்ணுல தேய்ச்சீங்க?”

“நாளைக்கு உங்க வேட்டி ஒண்ணு கொண்டு வாங்க. கட்டிக் கட்டி மெலிஞ்சதாப் பாத்து.”

வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்மேல் ஏதோ கோபமோ என்று நினைத்தார். கோபப்பட என்ன செய்தோம் என்றும் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் வேட்டியோடு வந்தார்.

“இதுல சட்டை வெட்டுங்க” என்றார் டீச்சர்.

“பழைய துணியிலயா? கிழவனுக்கு வக்கில்லைன்னு சொல்லுவாங்களே.”

“கோமதி பொறந்தப்ப முதல்ல என்ன போட்டீங்க?”

“எங்கம்மா சேலையைக் கிழிச்சுத் தைச்சதுதான். எல்லா வீட்டுலயும் பழசுதானுங்களே முதல்ல போடுவாங்க.”

“அப்பறமென்ன?”

“அது வீட்டுக்குள்ள போடறது. இது சீருங்க.”

டீச்சர் கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் வெட்டினார். முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். முடித்ததும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, நீவி, மேசைமேல் வைத்தார். டீச்சர் அதை எடுத்து மறுபடி புரட்டினார். தையல் மடிப்பெல்லாம் வெளியே தெரிந்தது.

நாச்சிமுத்து அதைத் திரும்பவும் நல்ல பக்கமாக்கினார். டீச்சர் திரும்பவும் புரட்டினார்.

“நேத்துக் கண்ணு போச்சு, இன்னைக்கு மானம் போகுது” என்று சரசு சிரித்தாள்.

“நீ சும்மா இரு, அம்மிணி. டீச்சர், மடிப்பு பூராம் வெளிய தெரியுதுங்க. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?”

“தைக்கத் தெரியாத ஆளுன்னு சொல்லுவாங்க.”

“அதுக்குத்தான் இத்தனை நாள் படிச்சனுங்களா?”

“ஆமாங்க.”

டீச்சர் சட்டையை அப்படியே மடித்து சரசுவின் கையில் கொடுத்தார். “குடுத்துட்டு வந்துருங்க. யாரு தைச்சதுன்னு சொல்ல வேண்டாம்.”

நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

“ஜரிகையும் இல்ல, பேரும் இல்ல. இப்ப வாயிலயும் சொல்லக்கூடாதுங்கறீங்க. நாந்தான் தைச்சேன்னு அவளுக்கு எப்படிங்க தெரியும்?”

“குழந்தை அழுகாமத் தூங்குச்சுன்னா, யாரு தைச்சதுன்னு கோமதியே கேப்பா.”

அவர் சரசுவின் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

“கேக்கலைன்னா?”

“குழந்தை தூங்கியிருக்குமில்லைங்க.”