மெழுகு அடைத்த கணினி

ஏலகிரி மலையின் கடைசி வளைவுக்கு மேலே, மேகம் இளைப்பாற உட்காரும் இடத்தில் ஒரு பட்டறை இருந்தது. அங்கே மடிக்கணினிகளுக்கு உடம்பு செய்தார்கள். உயிரை வேறு ஊரில் ஊற்றிக்கொள்வார்கள். அந்த ஊர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

பட்டறையின் குரு மங்கையர்க்கரசி. வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர் ஏகாம்பரத்துக்கோ மீசை முழுக்க நரைத்துவிட்டது. குருவைவிடச் சீடருக்கு வயது கூடினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. குனிந்து வணங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். எந்தக் கணினியையும் அச்சுக்கு அனுப்பும் முன், அதே அளவில் தேக்கில் ஒன்று செதுக்கி வைப்பார்கள். சார்ஜ் வயருக்கு, பென் டிரைவுக்கு, மெமரி கார்டுக்கு, டிவியோடு இணைக்கிற வயருக்கு என்று விளிம்பைச் சுற்றித் துளைகள் இருக்கும். வேண்டாத துளையைத் தேன்மெழுகால் அடைக்கலாம். தடையில்லை. ஆனால் கட்டைவிரலை வைத்து அழுத்தும்போது, இன்னாருக்கு இதை அடைக்கிறேன் என்று ஒரு பெயர் சொல்ல வேண்டும். மூச்சு விட்டுக்கொண்டு நடமாடுகிற ஒரு மனிதரின் பெயர்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் திரும்பி வந்து பதில் சொன்னதில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு.

அன்று ஏகாம்பரத்தின் கணினி அச்சுக்குப் போக வேண்டிய நாள். வண்டி வாசலில் நின்றது. அது அடிவாரத்துக்கு இறங்கிவிட்டால் எஃகில் அச்சு வெட்டிவிடுவார்கள். அப்புறம் கடவுளே வந்து நின்றாலும் ஒரு துளையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஏகாம்பரம் அதுவரை செய்ததெல்லாம் அரசாங்க ஆபீஸ்களுக்கான தடித்த கணினிகள். வீட்டில் அவர் மனைவி சிவகாமி அவற்றில் ஒன்றை, காற்றில் அடித்துக்கொள்ளும் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். "நல்லா கனமா இருக்கு, அசையவே மாட்டேங்குது" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொன்னாள். அந்தப் பெருமைதான் அவருக்கு நெஞ்சில் குத்தியது. இந்த ஒன்றாவது மெலிந்திருக்க வேண்டும். உறையில் போட்டால் கடிதம் என்று நினைத்துத் தபால்காரர் முத்திரை குத்த வேண்டும்.

பக்கத்து மேசையில் தாவூது. ஆம்பூர்க்காரர், அவரும் சீடர்தான். கை வேலை செய்தாலும் வாய்க்கு விடுமுறை கிடையாது.

"என்னண்ணே அது, லேப்டாப்பா அப்பளமா?"

"நீ செய்யறது மட்டும் என்னவாம்? அம்மிக்கல்லு."

"அம்மிக்கல்லுதான். ஆனா எங்க அம்மிக்கல்லுல எதைச் செருகினாலும் போகும்."

ஏகாம்பரம் மெழுகை உருட்டி, நெட்வொர்க் கேபிளுக்கான துளையில் வைத்தார். துளைகளிலேயே உயரமானது அது. அது இருக்கும்வரை கணினி அதைவிட மெலிய முடியாது.

"பேரு சொல்லுங்கண்ணே."

"நூத்துல ஒருத்தருக்கு" என்று சொல்லி அழுத்தினார்.

"அது பேரா?"

"நூத்துல ஒருத்தர்தான் இதைப் பயன்படுத்தறாங்க. அவரு பேரு எனக்கு எப்படித் தெரியும்?"

இழைப்புளியை எடுத்து மரத்தை ஒரு சுற்று இழைத்தார். சுருள் சுருளாய்த் தேக்கு உதிர்ந்தது. மெமரி கார்டு துளைக்கு வந்தார்.

"நூத்துல ஒருத்தருக்கு."

மறுபடி இழைப்பு. டிவி வயர் துளை.

"நூத்துல ஒருத்தருக்கு."

"எல்லா ஒருத்தரையும் ஒண்ணா நிக்கவெச்சா பாதி ஊரு வந்துடும் போலிருக்கே" என்றார் தாவூது.

"வேணும்கிறவங்க அடாப்டர் வாங்கிக்கட்டும். பையில ஒரு ஓரமா கிடக்கும்."

கடைசியில் ஒரே ஒரு துளை மிஞ்சியது. சார்ஜுக்கும் அதுதான், மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். மரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வைத்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மங்கையர்க்கரசி மூன்று டீயோடு வந்தார்.

"அரசியம்மா, நீங்களே சொல்லிடுங்க. அழகு பெருசா, வசதி பெருசா? இவன் காலையிலேருந்து என் உயிரை எடுக்கறான்."

குரு டீயை மேசையில் வைத்தார். மரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அடைத்த இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இதெல்லாம் யாருக்கு அடைச்சது?"

"நூத்துல ஒருத்தருக்கும்மா."

குரு மெழுகு டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"மெழுகு தீந்துபோச்சே ஏகாம்பரம் சார். பின்னால வீட்டுல இருக்கு, எடுத்துட்டு வாங்க. டீ ஆறுறதுக்குள்ள வந்துடுங்க."

"பின்னால ஏதும்மா வீடு?"

"இருக்கு."

பட்டறைக்குப் பின்னால் ஒரு பலாமரம் உண்டு. அதற்கப்புறம் பள்ளம். தலை கறுத்திருந்த காலத்திலிருந்து அவர் அறிந்தது அவ்வளவுதான். அன்று பலாமரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு வீடு இருந்தது. நீளமாய், தட்டையாய், தேக்கு நிறத்தில். பட்டப்பகலில் இறங்கிய பனிமூட்டம் அதன் மேல் பட்டு வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. பலாமரத்து இலைகூட ஆடவில்லை.

குனிந்து நுழைந்தார். உள்ளே ஒரு சாமானும் இல்லை. புதிதாய் இழைத்த மர வாசனையும் மெழுகு வாசனையும் மட்டும். எங்கே வைத்திருப்பார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

நுழைந்த வாசலைக் காணோம்.

அந்த இடத்தில் மஞ்சள் மெழுகு, இன்னும் சூடாக. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ரேகையின் நடுவே குறுக்காக ஒரு தழும்பு. ஏகாம்பரம் மெல்லத் தம் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். போன மாசியில் உளி பட்ட தழும்பு அங்கேயே இருந்தது.

ஜன்னல்களுக்கு ஓடினார். எல்லாவற்றிலும் அதே விரல்.

தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம். மறுபடி, சர்ர்ர். அந்தச் சத்தத்தை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார். யாரோ கூரைமேல் இழைப்புளி ஓட்டினார்கள். ஒவ்வோர் இழைப்புக்கும் கூரை இறங்கியது, சுவர் மெலிந்தது. முதலில் குனிந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு கையூன்றித் தவழ்ந்தார். சுவர் வெங்காயத் தோல் போல ஆகி, வெளியிலிருந்து செம்மஞ்சளாய் வெளிச்சம் கசிந்தது. வெளிச்சத்தில் நிழல்கள் வந்து நின்றன.

"எம்மா, எவ்வளவு மெல்லிசு!"

"உள்ள ஏதாச்சும் இருக்குமாங்க?"

"இருக்கும், இருக்கும். இருக்கறது வெளிய தெரியாது. அதான் இதுல ஸ்டைலே."

ஏகாம்பரம் சுவரைத் தட்டினார். மெலிந்ததே தவிர அது அசையவில்லை. ஒரு நிழல் கிட்டே வந்து, வளையல் சத்தத்தோடு சுவரில் உள்ளங்கையை வைத்தது. அவரும் அதே இடத்தில் கையை வைத்தார்.

"பூ மாதிரி இருக்கே" என்றது அந்தக் குரல். "இதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க முடியாதுப்பா. மனுசன் சாதிச்சுட்டாரு."

"சிவகாமி!" என்று கத்தினார். "சிவகாமி, நான் உள்ள இருக்கேன்!"

"எங்க போனாருன்னுதான் தெரியலை" என்று சொல்லிக்கொண்டே வளையல் சத்தம் விலகியது.

ஒரு துளை மிச்சம் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தவழ்ந்து போய்த் தேடினார். இருந்தது, முஷ்டி அளவுக்கு. அதில் வாயை வைத்து மூச்சை இழுத்துக் கூப்பிடப் போனார். வெளியிலிருந்து ஏதோ ஒன்று கச்சிதமாக வந்து துளையில் செருகிக்கொண்டது. கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கொஞ்சம் சூடு வந்தது. குரல் மட்டும் வெளியே போகவில்லை.

"சார்ஜ் போட்டிருக்கு, யாரும் தொடாதீங்க" என்றார் யாரோ.

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதே?" அது தாவூதின் குரல் போல இருந்தது.

"அடாப்டர் கையில இருந்தா வெளிய வந்திருப்பாரு. பையோட வீட்டுல விட்டுட்டு வந்திருப்பாரு."

சிரித்தார்கள். சிரிப்பு தள்ளித் தள்ளிப் போய்த் தேய்ந்தது.

ஏகாம்பரம் வேர்த்துக் கொட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டார். அப்போது அவர் தோளுக்குப் பக்கத்தில், பஸ் வராத நிறுத்தத்தில் பேச்சுக் கொடுப்பதுபோல ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது:

"நீங்க எந்தத் துளைக்குக் காத்திருக்கீங்க?"

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நான் மெமரி கார்டுங்க" என்றது குரல். "கல்யாணப் படமெல்லாம் உள்ளேயே கிடக்கு. பொண்ணு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"யா... யாருங்க நீங்க?"

"நூத்துல ஒருத்தருங்க."

"நானும்" என்றது இருட்டிலிருந்து இன்னொரு குரல், ஒரு பெண்பிள்ளை. "எங்க ஊர்ல காத்துல நெட் வராது. கேபிள் செருகினாத்தான்."

"நானும்."

"நானும்."

மூலைக்கு மூலை மூச்சுச் சத்தம் கேட்டது. அத்தனை ஒல்லியான வீட்டில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் கோபமாக இல்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. இரண்டு கையாலும் சுவரை அடித்தார். தலையால் முட்டினார்.

வெளியே ஒரு நிழல் வந்து நின்றது.

"யாரது?" குருவின் குரல்.

"நான்தாம்மா!"

"நான்னா?"

"ஏகாம்பரம்!"

"ஏகாம்பரம்னு சொல்லி இங்க யாரும் எதையும் அடைக்கலையே. நூத்துல ஒருத்தருக்குன்னுதான் கேட்டேன்."

பக்கத்தில் இருந்த மூச்செல்லாம் ஒரு கணம் நின்று காது கொடுப்பதுபோல இருந்தது.

"அந்த ஒருத்தன் நான்தாம்மா" என்றார்.

மெழுகு பிளந்தது. தென்னைமரம் கனத்துக்கு ஓர் ஊசியின் நுனி உள்ளே வந்தது. அதன் பின்னே வெள்ளை வெளிச்சம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் அவர் தம் மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே டீ. ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. கையில் மெழுகு தோண்டும் ஊசி.

"என்னண்ணே, மெழுகு எடுக்கப் போறேன்னு எழுந்தீங்க, அப்படியே திரும்பி உக்காந்துட்டீங்க?" என்றார் தாவூது. "எதுக்கு இப்படி வேர்க்குது?"

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தார். பலாமரம். அப்புறம் பள்ளம்.

"எல்லாத்தையும் அடைச்சது தப்பும்மா" என்றார் மெதுவாக.

"அப்படிச் சொல்லுங்க!" தாவூது துள்ளி எழுந்தார். "மொத்தத்தையும் தொறங்க. கூட நாலு துளை போடுங்க. நான்தான் அப்பவே..."

"தாவூது" என்றார் குரு. "உங்களுக்கும் ஒரு வீடு இருக்கு. அதுல சுத்திலும் வாசல்தான், சுவரே கிடையாது. ராத்திரி யாரு வேணா வரலாம். போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?"

தாவூது உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். பின்பக்க ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தார்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

ஏகாம்பரம் மரத்தைப் புரட்டினார். பூ மாதிரி இருக்கே என்ற குரல் இன்னும் காதில் இருந்தது. ஊசி முதல் துளைக்குப் போயிற்று, தயங்கி அடுத்ததற்குப் போயிற்று, எதையும் தொடாமல் திரும்பி வந்தது.

"எதைத் தொறக்கணும், எதை அப்படியே விடணும்னு தெரியலையேம்மா. ஒவ்வொண்ணா தொறந்தா திரும்பவும் அம்மிக்கல்லாயிடும். கீழ போயிடுச்சுன்னா மாத்தவும் முடியாது."

குரு டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

அப்போது சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

தாவூது தம்ளரை வைத்துவிட்டார். ஏகாம்பரம் மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மரத்தைக் காதோடு சேர்த்து வைத்தார். மெழுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, அவசரமே இல்லாமல்.

"அம்மா..." மரத்தைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார். "உள்ள யாரோ தட்டறாங்க."

"பேரைக் கேளுங்க" என்றார் குரு.